தன் கையே தனக்குதவி: மாயா அருள்பிரகாசத்தின் மின்னிசை

எம்.ஐ.ஏ. என்ற மேடைப் பெயரால் உலகம் அறிந்திருக்கும் மாதங்கி ‘மாயா’ அருள்பிரகாசம் முறையாக இசை பயின்றவர் அல்லர். சுரம் எழுதத் தெரியாது, சபாவில் பாடிய அனுபவமும் கிடையாது. இரவல் வாங்கிய ஒரு டிரம் மெஷின், பழைய நான்கு டிராக் டேப் ரெக்கார்டர், ஒரு மைக் ஆகியவற்றை வைத்துக்கொண்டு மேற்கு லண்டன் வீட்டு அறையில் அவர் தொடங்கிய இசைப் பயணம், 2008இல் அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. அடுத்த ஆண்டே கிராமி, ஆஸ்கர் இரண்டின் பரிந்துரைப் பட்டியல்களிலும் அவர் பெயர் இருந்தது. ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பெண் ஒருவர் மேற்கத்திய பாப் இசையில் இவ்வளவு தூரம் போனது அதற்குமுன் நடந்ததில்லை. எப்படி நடந்தது என்பதற்கான விடை, அவர் வேலை செய்த முறையில்தான் இருக்கிறது.

மாயா பிறந்தது 1975 ஜூலை 18 அன்று, லண்டனின் ஹவுன்ஸ்லோ பகுதியில். அதே ஆண்டு அதே நகரில்தான் ஈழப் புரட்சிகர மாணவர் அமைப்பான ஈரோஸ் உருவானது. அதன் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவர் மாயாவின் தந்தை. பொறியியல் படித்தவர், இயக்கப் பெயர் அருளர். ‘லங்கா ராணி’ என்ற நாவலின் ஆசிரியராகவும் ஈழ இலக்கியம் படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். மேற்கத்திய ஏடுகள் பல ஆண்டுகள் அவரை விடுதலைப் புலி என்றே எழுதிவந்தன. அது தவறு. அவர் ஈரோஸைச் சேர்ந்தவர்.

குழந்தைக்கு ஆறு மாதமானபோது குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. தந்தை இயக்க வேலையாகத் தலைமறைவில் இருந்தார். எப்போதாவது வீட்டுக்கு வந்தால், பாதுகாப்புக் கருதி அவரை ‘மாமா’ என்றே பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். தாய் கலா தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். நடுவில் சில காலம் சென்னையில் ஒரு பாழடைந்த வீட்டில் வாசம், பிறகு மீண்டும் யாழ்ப்பாணம். போர் முற்றியதும் 1986இல் தாயும் பிள்ளைகளும் அகதிகளாக லண்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

அரசு அவர்களைக் குடியமர்த்தியது தென்மேற்கு லண்டனின் மிச்சம் பகுதியில் இருந்த ஃபிப்ஸ் பிரிட்ஜ் குடியிருப்பில். வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த, நிறவெறி வெளிப்படையாகத் தெரிந்த இடம் அது. வீட்டிலிருந்த ரேடியோ களவு போனபின், பக்கத்து வீட்டில் ஒலித்த அமெரிக்க ஹிப்ஹாப்பைச் சுவர் வழியே கேட்கத் தொடங்கினார் மாயா. ஆங்கிலம் இன்னும் பிடிபடாத வயது. வார்த்தையின் பொருளைவிட அது விழும் தாளம்தான் முதலில் அவருக்குள் போனது. பின்னாளில் அவர் எழுதிய பாட்டுகளிலும் தாளமே முதலில் நிற்கும், பொருள் அதன் பின்னால் வரும்.

இசைக்கு முன் அவர் கைவந்தது ஓவியமும் திரைப்படமும். செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்து 2000இல் வெளிவந்தார். எலாஸ்டிகா என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் தலைவி ஜஸ்டின் ஃபிரிஷ்மனின் நட்பு கிடைத்தது. அக்குழுவின் ‘தி மெனஸ்’ ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்தார், அவர்களின் அமெரிக்கப் பயணத்தில் கூடவே போய்ப் படம்பிடித்தார். 2001இல் கேமராவுடன் இலங்கைக்குப் போய்ப் போருக்குள் வாழும் தமிழ் இளைஞர்களைப் படமெடுத்தார். அதே ஆண்டு லண்டனில் நடந்த முதல் கண்காட்சியில், புலி, துப்பாக்கி, பனைமரம் போன்ற உருவங்களை ஸ்டென்சில் வெட்டி ஸ்ப்ரே பெயின்ட் அடித்த படங்கள் இருந்தன. காணாமற்போன ஓர் உறவினரின் நினைவில்தான் எம்.ஐ.ஏ. என்ற பெயரே பிறந்தது. போர்க்களத்தில் காணாமற்போனவர்களை இராணுவம் குறிக்கும் மூன்றெழுத்து அது.

எலாஸ்டிகாவின் பயணத்தில் மேடையைத் தொடங்கிவைத்தவர் பீச்சஸ் என்ற கனடாப் பாடகி. பின்னணிக் குழு கிடையாது. ஒரு பெண், ஒரு பெட்டி, அவ்வளவுதான். அந்தப் பெட்டி 1998இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட எம்.சி-505 குரூவ்பாக்ஸ். நீயும் செய்து பார் என்று மாயாவை இசைப் பக்கம் தள்ளியது பீச்சஸ்தான்.

இந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். டிரம் மெஷின், சின்தசைசர், சீக்வென்சர் மூன்றும் ஒரே கருவிக்குள் அடங்கியது குரூவ்பாக்ஸ். சீக்வென்சர் என்பது எந்த ஒலி எந்த நொடியில் விழவேண்டும் என்பதை நினைவில் வைத்து மீண்டும் மீண்டும் வாசிக்கும் பகுதி. ஏழு வாத்தியப் பகுதிகளும் ஒரு தாளப் பகுதியும் சேர்ந்து ஒரு பேட்டர்ன் ஆகும். அது சில மாத்திரைகளுக்குள் முடிந்து, திரும்ப முதலிலிருந்து சுழலும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் அந்த ஒலி அடங்கும், மறுபடி அழுத்தினால் எழும். 1980களின் ஹிப்ஹாப்பையும் நடன இசையையும் உருவாக்கிய பழைய ரோலண்ட் டிரம் மெஷின்களின் ஒலிகளும் அதற்குள் இருந்தன.

சுரப் பயிற்சியும் ஹார்மனி அறிவும் இல்லாதவருக்கு இந்தக் கருவி பெரிய வாசலாக அமைந்தது. இராகம் வளர்ந்து, கார்டு மாறி, பல்லவி சரணமாக விரியும் பாட்டுக்கு இதில் அவசியமில்லை. ஒரே சுழற்சி ஓடிக்கொண்டிருக்கும். எதை எப்போது நிறுத்துவது, எதை எப்போது உள்ளே விடுவது என்பதுதான் அங்கே இசையமைப்பு. மாயாவின் முதல் பாடல்களைக் கவனித்துக் கேட்டால் இந்தப் பொத்தான் வேலை அப்படியே காதில் விழும். பேஸ் ஒலி சட்டென்று விலகும், கைதட்டல் போன்ற ஒலி மட்டும் தனித்து நிற்கும், குரல் அந்த இடைவெளிக்குள் பாயும். கருவியின் எல்லையையே பாணியாக்கிக்கொண்ட துணிவு அவருடைய முதல் சாதனை.

ஃபிரிஷ்மனின் எம்.சி-505இல் செய்த ஆறு பாட்டு டெமோவில் ‘கலாங்’ ஒன்று. அதை ஸ்டீவ் மேக்கி, ராஸ் ஆர்ட்டன் இருவரும் மெருகேற்ற, 2003இன் கடைசியில் ஒரு சிறு நிறுவனம் 500 வினைல் இசைத்தட்டுகளை மட்டும் அடித்து வெளியிட்டது. தட்டுகள் டிஜேக்களின் கைக்குப் போயின, பாட்டு இணையத்தில் கோப்பாகப் பரவியது. அடுத்த ஆண்டு எக்ஸ்.எல். ரெக்கார்டிங்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. முதல் ஆல்பம் தாமதமானபோது அவர் சும்மா இருக்கவில்லை. 2004 டிசம்பரில் டிப்ளோ என்ற அமெரிக்க டிஜேயுடன் சேர்ந்து ‘பைரசி ஃபண்ட்ஸ் டெரரிசம்’ என்ற மிக்ஸ்டேப்பை வெளியிட்டார். பிறர் பாட்டுகளின் தாளத்தை அனுமதி கேட்காமல் எடுத்து, அதன்மேல் தன் குரலை ஏற்றிய தொகுப்பு. அது பெரும்பாலும் இலவசமாகவே கைமாறியது. ஆல்பம் கடைக்கு வருவதற்குள் கேட்கும் கூட்டம் தயாராகிவிட்டது.

2005 மார்ச்சில் வந்த அந்த ஆல்பத்துக்கு ‘அருளர்’ என்று தந்தையின் இயக்கப் பெயரையே வைத்தார். பிரிந்துபோன தந்தை தன் பெயரை இணையத்தில் தேடினால் மகளைக் கண்டுகொள்வார் என்பது அவர் எண்ணம். பிரிட்டனின் மெர்க்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலில் ஆல்பம் இடம்பிடித்தது. ஜமைக்காவின் டான்ஸ்ஹால், கிழக்கு லண்டனின் கிரைம், ரியோ நகரச் சேரிகளின் பைலே ஃபங்க் ஆகிய இசைவகைகள் எல்லாம் அதில் உண்டு. குரலோ பாதி பேச்சு, பாதி பாட்டு. யாழ்ப்பாணத்துச் சிறுமியின் விளையாட்டுப் பாட்டும் லண்டன் தெருவின் கொச்சையும் ஒரே மூச்சில் வரும். ‘சன்ஷவர்ஸ்’ பாடலின் வீடியோவைத் தென்னிந்தியக் காடுகளில் ராஜேஷ் டச்ரிவர் படமாக்கினார். பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருவதால் எம்.டி.வி. தயங்கியது.

ஆல்பத்தின் வெற்றிக்குப் பெரும்பாலான ஏடுகள் டிப்ளோவைப் புகழ்ந்தன. உண்மையில் அந்த ஆல்பத்தில் அவர் பங்களித்தது ‘பக்கி டன் கன்’ பாட்டுக்கு மட்டுமே. 2007இல் ஒரு பேட்டியில் மாயா இதை நேரடியாகவே எதிர்த்தார். பெண் செய்த இசைக்குப் பின்னால் ஓர் ஆணைத் தேடும் பழக்கம் அது. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கும் பின்னர் இதே குறையைப் பகிரங்கமாகப் பேசினார். பொத்தானை அழுத்தியவர் யார் என்ற கேள்வி, எல்லாவற்றையும் தானே செய்யும் கலைஞருக்கு வெறும் கௌரவப் பிரச்சினை அன்று. அவர் கலையே அதுதான்.

தாயின் பெயரைத் தாங்கிய இரண்டாம் ஆல்பம் ‘கலா’ 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. அவருடைய உச்சம் இதுவே. அமெரிக்காவில் பிரபல தயாரிப்பாளர்களுடன் அதைச் செய்வதாகத்தான் திட்டம். 2006இல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. போக முடிந்த ஊர்களுக்கெல்லாம் போனார்: இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான். போகும் இடத்தில் கேட்டதை லேப்டாப்பில் பதிந்து, பிரிட்டிஷ் தயாரிப்பாளர் ஸ்விட்ச்சுடன் சேர்ந்து அடுக்கினார். விசா கிடைத்திருந்தால் அந்தப் பாட்டுகளில் பாதி பிறந்தே இருக்காது.

2006இல் சென்னை வந்து ஏ.ஆர். ரஹ்மானைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து பாட்டு செய்யும் யோசனை அப்போது கைகூடவில்லை. ஆனால் ரஹ்மான் தன் கோடம்பாக்கம் ஸ்டுடியோவைத் திறந்துவிட்டார், ஆட்களையும் அறிமுகப்படுத்தினார். அங்கே 22 பேர் கொண்ட தாளக் குழுவின் வாசிப்பைப் பதிந்துகொண்டார் மாயா. ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ பாட்டுகளின் அடித்தளம் அந்தப் பதிவு. ‘பேர்ட் ஃப்ளூ’வில் 2003ஆம் ஆண்டுத் தமிழ்ப் படமான ‘ஜெயம்’ பாட்டொன்றின் துண்டும் இருக்கிறது.

அந்தத் தாளத்தின் நடுநாயகம் உறுமி. இடை சிறுத்த இரட்டை முக மேளம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள், மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது எழும் ஒலி ஒரு சுரத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். மேற்கத்திய டிரம் செட்டில் இதற்கு இணையான ஒலி இல்லை. சின்தசைசரில்தான் உண்டு, அதன் பேஸ் ஒலி இப்படித்தான் வழுக்கும். ஆயிரம் மைல் இடைவெளியுள்ள இரண்டு கருவிகளுக்குள் இருந்த இந்த உறவைக் காதால் கண்டுபிடித்தார் மாயா. கோழிகள் கொக்கரிக்க, குழந்தைகள் கத்த, உறுமி முன்னால் வரும் ‘பேர்ட் ஃப்ளூ’ 2006இல் லண்டன் கிளப்புகளுக்குப் போனபோது, தமிழ்நாட்டின் சாவு மேளமும் திருவிழா மேளமும் அலங்காரப் பொருளாக அங்கே போகவில்லை. பாட்டின் முதுகெலும்பாகவே போயின. மேற்கத்திய பாப்பில் இந்திய இசை என்றால் 1960களிலிருந்து பெரும்பாலும் சிதாரும் தம்புராவும்தான். உறுமி அந்த வாசலுக்குள் நுழைந்தது இவர் கையால்தான்.

குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக் காதுக்கு ‘கலா’ ஆல்பம் இன்னொரு விதமாகவும் கேட்கும். ‘வேர்ல்டு டவுன்’ பாட்டில் கேரளக் கோயில் வாத்தியங்களின் ஒலி உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்து, பின் அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் நையாண்டி மேளமும் செண்டையும் ஒரே ஊர்க் கோயிலில் கேட்கக் கிடைப்பவை. அந்த இரண்டு ஒலி மரபுகளையும் ஒரே தொகுப்புக்குள் இவ்வளவு இயல்பாக வைத்த பாப் ஆல்பம் வேறொன்றைச் சொல்வது கடினம். இம்மாவட்டத்து வில்லுப்பாட்டைக் கேட்டுப் பழகியவர்களுக்கு மாயாவின் குரல் முறையும் அந்நியமாக இருக்காது. வில்லுப்பாட்டில் குடமும் உடுக்கையும் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, புலவர் கதையைப் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஓட்டிக்கொண்டே போவார். பின்பாட்டுக்காரர்கள் அடிக்கடி அதை ஏற்றுக்கொடுப்பார்கள். மாறாத தாளத்தின்மேல் சொல்லை ஓட்டுவதும், கூட்டக் குரல் அதைத் தாங்குவதும் ‘பாய்ஸ்’ போன்ற பாட்டுகளின் அமைப்பும்தான்.

1982இல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ இந்திப் படத்துக்காக பப்பி லஹிரி இசையமைத்த பாட்டைச் சிறுவயதில் வீட்டு விசேஷங்களில் ஆடியவர் மாயா. அதையே ‘ஜிம்மி’ என்று இந்த ஆல்பத்தில் மறுபடி பாடினார். உலகம் முழுக்கப் பரவியதோ ‘பேப்பர் பிளேன்ஸ்’. தி கிளாஷ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழு 1982இல் வெளியிட்ட பாட்டொன்றின் கிட்டார் துண்டைச் சுழலவிட்டு, குழந்தைக் குரல்களின் கோரஸுக்கு நடுவே துப்பாக்கி வெடியும் கல்லாப்பெட்டி மணியும் ஒலிக்கும். குடியேறி வந்தவன் என்றாலே பணத்துக்காக எதையும் செய்வான் என்ற பார்வையைக் கேலி செய்கிறது பாட்டு. விசா மறுக்கப்பட்டவரின் கோபம் அதில் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று அந்த வெடியோசையை மாற்றி ஒலிபரப்பியது. ரோலிங் ஸ்டோன் இதழ் 2007இன் சிறந்த ஆல்பமாக ‘கலா’வைத் தேர்ந்தெடுத்தது. ‘ஸ்லம்டாக் மில்லியனேர்’ படத்தில் இந்தப் பாட்டு இடம்பெற்றதோடு, முன்பு கைகூடாத ரஹ்மான் கூட்டணியும் ‘ஓ... சாயா’வில் நிறைவேறி ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. விருது அதே படத்தின் ‘ஜெய் ஹோ’வுக்குப் போனது. 2009 பிப்ரவரி 8 அன்று நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் பாடினார் மாயா.

அந்த நாட்களில்தான் இலங்கையின் வன்னியில் போர் அதன் கடைசிக் கட்டத்தில் இருந்தது. கிடைத்த ஒவ்வொரு மைக்கிலும் அவர் அதைப் பற்றிப் பேசினார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் தமிழர் படுகொலை என்ற சொல்லைப் பயன்படுத்திய பாப் நட்சத்திரம் வேறு எவரும் அப்போது இல்லை. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. பயங்கரவாதத்தை அழகுபடுத்துகிறார் என்றார்கள், வசதியாக வாழ்ந்துகொண்டு புரட்சி பேசுகிறார் என்றார்கள். அவருடைய பாட்டு வரிகள் ஈழ வரலாற்றை விளக்குபவை அல்ல என்பதும் உண்மைதான். முழக்கமும் படிமமும் உதிரியாகத் தெறிக்கும், காரணகாரியம் இருக்காது. ஆனால் உலகம் கண்ணை மூடிக்கொண்டிருந்த மாதங்களில் அந்தச் சொல்லை உரக்கச் சொன்னதே பெரிய காரியம். அதைப் பாட்டின் நேர்த்திக் குறைவோடு வைத்து எடைபோடுவது நியாயமில்லை.

2010இல் வந்த ‘மாயா’ ஆல்பம் ஏற்றத்தாழ்வு நிறைந்தது. இயந்திர இரைச்சலும் துளையிடும் ஒலிகளும் பல இடங்களில் பாட்டையே மூடிவிடுகின்றன. அதிலிருந்து நிலைத்தது ‘பார்ன் ஃப்ரீ’யின் வீடியோ. செம்பட்டை முடி இளைஞர்களை இராணுவம் வேட்டையாடுவதாக ரோமன் கவ்ராஸ் எடுத்த அந்தப் படத்தை யூடியூப் கட்டுப்படுத்தியது.

அவருடைய சுதந்திரத்தைச் சரியான அளவில் புரிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்.எல். தனித்து இயங்கும் நிறுவனம், ஆனால் அமெரிக்காவில் அவர் பாட்டுகளை விற்றது பெருநிறுவனமான இன்டர்ஸ்கோப். பெரிய கம்பெனிகளின் வாசலுக்கு வெளியிலேயே நின்றவர் அல்லர். ஆனாலும் அட்டைப்படம், உடை, மேடைப் பின்திரை, பல வீடியோக்களின் இயக்கம் என எதையும் பிறர் கையில் முழுதாக விடவில்லை. 2008இல் நீட் என்ற சொந்த லேபிளைத் தொடங்கி ரை ரை, ஸ்லே பெல்ஸ் போன்றவர்களை வெளியிட்டார். 2010 டிசம்பர் 31 அன்று ‘விக்கி லீக்ஸ்’ மிக்ஸ்டேப்பை இணையத்தில் இலவசமாகவே போட்டார். அதற்குள் இருந்த ‘பேட் கேர்ள்ஸ்’ 2012இல் தனிப் பாட்டாக வந்து, மொராக்கோவில் கார்கள் இரண்டு சக்கரத்தில் ஓடும் வீடியோவோடு உலகம் சுற்றியது. அதே ஆண்டு பிப்ரவரியில் சூப்பர் பவுல் இடைவேளையில் மடோனாவுடன் ஆடியபோது கேமராவுக்கு நடுவிரல் காட்டியதற்காக, அமெரிக்கக் கால்பந்து லீக் அவரிடம் 1.66 கோடி டாலர் கேட்டது. வழக்கு 2014இல் சமரசத்தில் முடிந்தது.

2013இல் வந்த ‘மாதங்கி’ தன் பெயருக்குரிய தெய்வத்தைத் தொட்ட ஆல்பம். தச மகாவித்யைகளில் ஒருத்தியான மாதங்கி இசைக்கும் வாக்குக்கும் உரியவள், விலக்கப்பட்டவர்களோடு சேர்த்து நினைக்கப்படுபவள். நிறுவனம் தாமதப்படுத்தியபோது, தானே கசியவிட்டுவிடுவதாக அவர் மிரட்டிய பிறகுதான் தேதி அறிவிக்கப்பட்டது.

2015இல் வெளியான ‘பார்டர்ஸ்’ வீடியோவை அவரே இயக்கினார். இந்தியாவில் படமான அதில் வேலியேறும் ஆண்களும் படகு நிறைய ஆண்களும் பேசாமல் நிற்கிறார்கள். ஐரோப்பா சிரிய அகதிகளைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்த ஆண்டு அது. பாரிஸ் கால்பந்து அணியின் சட்டையில் எழுத்தை மாற்றி அணிந்ததற்கு அந்த அணி எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது. பழவிளையிலும் பெருமாள்புரத்திலும் ஈழ அகதி முகாம்களை அருகிலேயே வைத்திருக்கும் குமரி மாவட்ட வாசகருக்கு அந்த வீடியோவின் முகங்கள் தொலைதூரச் செய்தியாகத் தோன்றாது. மாயாவும் பதினோரு வயதில் அந்த வரிசையில் நின்றவர். அந்தப் பாட்டைக் கொண்ட ‘எய்ம்’ ஆல்பம் 2016இல் வந்தது.

கல்லூரித் தோழர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ், மாயா பல ஆண்டுகளாகத் தானே எடுத்து வைத்திருந்த வீடியோக்களைத் தொகுத்துச் செய்த ஆவணப்படம் 2018இல் சண்டான்ஸ் விழாவில் சிறப்பு விருது பெற்றது. 2019இல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.ஈ. பட்டம் அறிவிக்கப்பட்டது. அந்தப் பதக்கங்களின் ரிப்பன்களை ஆண்டுக்கணக்கில் கையால் தைத்துவந்தவர்களில் அவர் தாய் கலாவும் ஒருவர், பட்டத்தை ஏற்றதற்கு அதையே காரணமாகச் சொன்னார் மாயா. 2020இல் டிராவிஸ் ஸ்காட்டுடன் பாடிய ‘ஃபிரான்சைஸ்’ ஹாட் 100இல் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு தடுப்பூசி பற்றி அவர் சொன்ன கருத்துகள் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின.

2022 அக்டோபரில் வந்த ‘மாட்டா’ அவருடைய ஆறாவது ஆல்பம். ‘புத்தி’ என்ற தமிழ்ச் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட பாட்டில் கனடாத் தமிழ் ராப் பாடகி நவ்ஸ்-47 அவருடன் சேர்ந்தார். 2003இல் தனி ஆளாகத் தொடங்கியவருக்கு இப்போது சகபாடிகள் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் வளர்ந்த பிரியா ராகு, தன் அண்ணனோடு வீட்டிலேயே செய்த பாட்டுகளைக் கொண்டு 2021இல் ‘டாம்ஷிஸ்தமில்’ மிக்ஸ்டேப்பை வெளியிட்டார். கனடாவில் ஷான் வின்சென்ட் டி பாலும் யாஞ்சனும் மிருதங்கத்தை ராப்புக்குள் கொண்டுவந்தார்கள். இவர்கள் யாரும் மாயாவின் ஒலியை நகலெடுக்கவில்லை, ஒவ்வொருவருக்கும் குரல் வேறு, நிதானம் வேறு. தமிழ் அடையாளத்தை மறைக்காமல், சொந்தக் கருவியில், சொந்த அறையில் தொடங்கலாம் என்ற வழி மட்டும் அவர் போட்டது.